தோத்தான், அலபாமா

ஊர்ப்பெயர் பைபிளில் இருக்கிறதாம்.
யோசேப்பை அண்ணன்மார் குழியில் தள்ளிய இடம்.
இங்கே டோத்தன் என்கிறார்கள்.
தமிழ் பைபிளில் தோத்தான்.
யாரிடம் தோத்தான், எதில் தோத்தான் என்று
முதல் வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.
பகிர்ந்துகொள்ள ஆளில்லாத சிரிப்பு.

வேர்க்கடலை ஊர்.
செடியைப் புரட்டிப்போடும் பருவத்தில்
மண்வாசனை டயாலிசிஸ் அறைவரை வரும்.
பேர் கேட்டதும் அடுத்த கேள்வி
எந்த சர்ச்சுக்குப் போகிறாய்.
சாப்பிட்டாயா என்பதுபோலத்தான் கேட்கிறார்கள்,
கோபப்பட முடிவதில்லை.

மூன்றாம் நாற்காலி, ஹார்லன் டிட்வெல்.
செவ்வாய், வியாழன், சனி. நான்கு மணி நேரம்.
இரண்டு ஊசியில் கட்டிப்போட்ட மனிதரிடமிருந்து
நர்ஸ் எங்கே ஓடுவாள்?
"எதற்கும் போவதில்லை" என்றேன்.
"ஓ, நீ இந்து" என்றார், பெருந்தன்மையாக.
"அதுவும் இல்லை."
மெஷின் ஒரு சுற்றுச் சுற்றியது.
"யார் உன்னைக் காயப்படுத்தியது, தங்கம்?"

யாருமில்லை.
அப்பா திருவாரூரில் மின்வாரிய லைன்மேன்.
அவர் கல்யாணத்தில் ஐயர் இல்லை, அக்கினி இல்லை,
இரண்டு மாலை, ஒரு மைக்,
முக்கால் மணி நேரப் பேச்சு.
எங்கள் வீட்டுச் சுவரில்
சாமிப்படம் கழற்றிய ஆணித்துளைகூடக் கிடையாது.
ஆறில்லாத ஊரில் பிறந்தவளிடம்
ஆற்றோடு என்ன பகை என்கிறீர்களே.

இதை ஆங்கிலத்தில் சொல்லப்போனால்
அந்த ஒற்றைச் சொல்
நோயின் பெயர்போல ஒலிக்கிறது.
தமிழில் இன்னும் சிக்கல்:
நம்பிக்கை இல்லாதவள் என்று சொல்லிப்பாருங்கள்,
வேலைக்கு வைப்பார்களா?

கையை நீட்டினார்.
சிரையும் தமனியும் தைத்துச் சேர்த்த இடத்தில்
தோலுக்கடியில் ஒரு ரீங்காரம்.
"தொட்டுப்பார். அவருடைய முணுமுணுப்பு."
தொட்டுத்தானே தினமும் ஊசி போடுகிறேன்.
சிரைக்குள் தமனி ரத்தம் மோதும் அதிர்வு,
எனக்கு அதுவே போதிய ஆச்சரியம் என்றேன்.
"போதுமா?"
பெரும்பாலும், என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்திய செவ்வாய்,
டெக்னீஷியன் ரொன்டா ஜெபத்தைத் தொடங்கினாள்.
பன்னிரண்டு நாற்காலியிலும் தலை குனிந்தது.
கண்மூடாதவள் நான் ஒருத்தி.
மூடிய முகங்களை அவ்வளவு நேரம் பார்ப்பது
திருட்டுத்தனம்போல இருந்தது.
பெட்டஸ் அம்மாவின் கீழுதடு துடித்தது.
அழகாகத்தான் இருந்தார்கள்.
மூன்றாம் திரையில் எண்பத்திரண்டு.
எழுபத்தாறு.
ஓசைப்படாமல் போய் நாற்காலியைச் சாய்த்தேன்,
காலை உயர்த்தி உப்புநீரைத் திறந்தேன்.
ரொன்டா ஆமென் சொல்கையில் நூற்றுநான்கு.
"கர்த்தர் காத்தார்" என்றார், வெளிறிய வாயால்.
"ஷிஃப்டில் இருந்தது நான்" என்றேன்.
சிரித்தார், இருமல் வரும்வரை.

ஒன்றை மட்டும் அவரிடம் சொன்னதில்லை.
அப்பாவைத் தஞ்சை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்த அன்று
ஒரு கையெழுத்து, ஒரு ரசீது.
பதினோரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது,
அவர் எழுதிவைத்தபடியே.
மதியம் முழுக்க
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
வண்டிச்சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை
அவித்த கடலை ஒரு பை கொண்டுவந்தார்.
அவருக்கு உப்பு ஆகாது, எனக்காக.
"உன்னைப்பற்றி மேலே பேசினேன்."
"என்ன சொன்னார்?"
"இன்னும் ஒன்றும் சொல்லவில்லை."
"எனக்கும் அப்படித்தான்."

ஊசியை உருவிப் பஞ்சை வைத்து
இரண்டு விரலால் அழுத்தினேன். பத்து நிமிடம்.
விட்டால் ரத்தம் பீறிடும்,
இறுக்கினால் ரீங்காரம் நின்றுவிடும்.
இரண்டுக்கும் நடுவில்
விரலை வைத்திருக்க எனக்குத் தெரியும்.
அவர் கண்ணை மூடிக்கொண்டார்.
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.